எங்கள் வாசலுக்கு வருகிறவர்களை நாங்களே வரவேற்க விடுங்கள்

மலையகத்தில் சுற்றுலாவைத் திட்டமிடுகிறவர்களுக்கும், அதற்கு அனுமதி கொடுக்கிறவர்களுக்கும், தோட்டப் பாதைகளில் ஆட்களை அழைத்து வருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா கொழுந்து எடுத்தவர். நான் தோட்டப் பாடசாலையில் 31 வருடமாகப் படிப்பிக்கிறேன். இன்றும் அம்மாவோடு அதே லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில், கடைசி அறையான தொங்கல் காம்பராவில்தான் இருக்கிறேன். இப்படி ஒரு மடல் எழுதவேண்டும் என்று பல நாளாக மனதில் கிடந்தது. போன மாதம் எங்கள் வாசலில் நடந்த ஒரு விசயம்தான் பேனையை எடுக்க வைத்தது.

அன்று ஞாயிறு. பெரட்டு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பது, இல்லாத நாள் என்பதால் லயத்தில் எல்லோரும் இருந்தார்கள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மேல்மலைப் பாதையிலிருந்து எட்டுப் பேர் இறங்கி வந்தார்கள். கூட்டிவந்த பையன் அவர்களை எங்கள் வாசலுக்கு நேரே நிறுத்தி ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கினான். இவர்கள் இந்தியாவிலிருந்து தேயிலை வேலைக்கு வந்தவர்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று சொன்னான். வந்தவர்களில் வயதான ஒரு பெண்மணி, உண்மையான அக்கறையோடுதான், "வேலை முடிந்தால் இவர்கள் எப்போது தங்கள் ஊருக்குத் திரும்புவார்கள்?" என்று கேட்டார். பையனுக்குப் பதில் தெரியவில்லை. நான் வெளியே வந்து, என் அம்மாவின் அம்மா பிறந்ததே இந்தக் காம்பராவில்தான் என்று சொன்னேன். அந்தப் பெண்மணியின் முகம் சுருங்கிவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"எப்ப ஊருக்குப் போவீங்கன்னு கேக்குறாங்கம்மா."

"இதுதானே நம்ம ஊரு" என்று சொல்லிவிட்டு, வந்த எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றச் சொன்னார். எங்களிடம் ஆறு கிளாஸ்தான் இருந்தது. பக்கத்துக் காம்பராவில் மூன்று இரவல் வாங்கினோம்.

அந்தப் பையனை நான் குறை சொல்லமாட்டேன். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவன் ஒப்புவித்தான். ஆனால் அந்தக் கேள்வி எங்களுக்கு ஏன் வலிக்கிறது என்பது, இந்தப் பாதைகளைத் திட்டமிடுகிற உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து எங்கள் ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் விழுந்தபடியே கிடந்தார்கள். 2023இல் 200 வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் திரும்பவும் நடந்தார்கள். இந்த 200 வருடத்துக்குள்தான், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று எங்களைப் பங்கு பிரித்தது. எங்கள் லயத்திலிருந்து நான்கு குடும்பம் இந்தியாவுக்குப் போகக் கோச்சி (ரயில்) ஏறியதை அம்மா இன்றும் பெயர் பெயராகச் சொல்லுவார். நாடற்றோர் என்ற பெயர் சட்டப்படி தீர்வதற்கு 2003 வரை போனது. எப்போது ஊருக்குப் போவீர்கள் என்று எங்களிடம் முதன்முதலில் கேட்டது சுற்றுலாப் பயணி அல்ல.

ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வருகிறவர்கள் வரவேண்டாம் என்று எங்கள் பக்கத்தில் நினைப்பவர்கள் மிகக் குறைவு. 2018இல் 23 இலட்சம் பேர் நாட்டுக்கு வந்தார்கள். பிறகு 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, அதன் பின்னால் கொரோனா, 2022இல் எண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசை. ஆட்டோ ஓட்டுகிற பையன்கள் லிப்டன் சீட் காட்சிமுனைக்குப் போகும் சந்தியில் நாள் முழுக்கச் சும்மா நின்றதை நான் பார்த்திருக்கிறேன். 2024இல் திரும்பவும் 20 இலட்சத்தைத் தாண்டியபோது எங்கள் லயங்களிலும் அடுப்பு கொஞ்சம் நன்றாக எரிந்தது. கொழும்பில் கடைகளில் நின்ற பிள்ளைகள் சிலர் ஊருக்கே வந்து, காலையில் மலையேற்றிக் கூட்டிப்போகும் வேலை செய்கிறார்கள். எங்கள் பிரச்சினை வருகிறவர்களோடு அல்ல. வருகிறவர்களை வரவேற்கும் உரிமை யாருக்கு என்பதில்தான்.

என் தம்பி மகனைப் பற்றிச் சொல்லுகிறேன். கொழும்பில் ஒரு ஹோட்டலில் ஏழு வருடம் சமையலில் நின்றவன். கொரோனாவோடு வேலை போய் ஊருக்கு வந்தான். பீக்கோ ட்ரெயில் என்று 22 கட்டங்களாக, 300 கிலோமீட்டருக்கு மேல் ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்களே, ஹந்தானையில் தொடங்கி ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிவது, அதில் நடக்கிறவர்கள் எங்கள் பக்கமும் வருவதைப் பார்த்தான். அந்தப் பாதையில் பெரும்பகுதி வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டத்து வண்டிப்பாதையும் குறுக்குப் பாதையும்தான், எங்கள் ஆட்கள் வெட்டியது, எங்கள் ஆட்கள் நடந்து தேய்ந்தது. அவன் கேட்டது பெரிய காரியம் இல்லை. காம்பராவோடு சேர்த்து நாங்கள் இறக்கிக் கட்டிய அறைக்கு வெள்ளையடித்து, ஒரு கட்டில் போட்டு, இரண்டு பேர் தங்க வைக்கவேண்டும். காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும், ராத்திரிக்குச் சோறு. அவன் அப்பாயி, அதாவது என் அம்மா, பக்கத்தில் இருந்து கதை சொல்லுவார், நான் ஆங்கிலத்தில் சொல்லுவேன்.

பதிவு செய்வதற்காக ஓர் அலுவலகத்துக்குப் போனான். காணி உறுதிப் பத்திரம் வேண்டும், இல்லையென்றால் குத்தகைப் பத்திரம் வேண்டும் என்றார்கள். லயத்துக்கு ஏது உறுதி? தோட்டத்துக் கடிதம் கொண்டுவா என்றார்கள். தோட்டத்தில், வீடு நிர்வாகத்துடையது, அதில் வியாபாரம் செய்யக் கடிதம் கொடுக்க முடியாது என்றார்கள். மூன்று மாதம் அலைந்தான். கடைசியில், அதே தோட்டத்தில் சின்னத்துரை (உதவி நிர்வாகி) இருந்த பழைய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து விடுதியாக்கியவர்களிடம் சமையலுக்குச் சேர்ந்தான். சம்பளம் பரவாயில்லை, மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். அங்கே தங்குகிறவர்களுக்குத் தோட்டத்து வாழ்க்கையைக் காட்டுவது என்று ஒரு அரைநாள் ஏற்பாடு உண்டு. அதற்கு அவர்களைக் கூட்டிவருவது எங்கள் வீட்டுக்கு. எங்கள் அம்மா ரொட்டி சுடுவதைப் பார்க்க அவர்கள் கொடுக்கும் காசில் ஒரு பங்கு அம்மாவுக்கும் வருகிறது. விருந்தாளி வருவது எங்கள் அடுப்படிக்கு, அந்த விருந்தாளிக்கு ரசீது எழுதுகிறவர் வேறொருவர். இதில் யாரையும் திருடன் என்று நான் சொல்லவரவில்லை. உறுதி இல்லாத வீட்டில் இருக்கிறவர்களுக்கு வேறு வழியே வைக்கவில்லை என்றுதான் சொல்லுகிறேன்.

எல்லயைப் பாருங்கள். அங்கே ஆரம்பத்தில் விடுதி போட்டவர்களில் பலர் கிராமத்துக் குடும்பங்கள். சொந்தக் காணி, கையில் உறுதி, வீட்டோடு ஒரு அறை கூட்டிக் கட்டினார்கள், பிறகு இரண்டு, பிறகு மாடி. இன்று அங்கே நெரிசல், குப்பை, வெளியாட்களின் முதலீடு என்று அவர்களுக்கும் ஆயிரம் கவலை இருக்கிறது, அது வேறு. ஆனால் தொடக்கத்தில் கதவைத் திறந்தது வீட்டுக்காரன். எங்கள் பிள்ளைகள் அவர்களைவிடச் சமையலிலோ பாசையிலோ குறைந்தவர்கள் இல்லை. குறைந்தது ஒரு துண்டுக் காகிதம்தான். தோட்டங்களை 1970களில் அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது, 53 வருடக் குத்தகை. கை மாறியபோதெல்லாம் மலையும் தேயிலை ஸ்டோரும் பங்களாவும் கணக்கெடுக்கப்பட்டன. உள்ளே இருந்த எங்களுக்கு 7 பேர்ச் காணி என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது. சிலருக்குக் கிடைத்தது, புது வீடு கட்டிக் குடிபோனவர்கள் நன்றாக இருக்கிறார்கள். எங்கள் லயத்தில் இன்னும் வீட்டு இலக்கம்கூட இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, யார் கையிலோ கொடுத்துவிட்டு, எங்களிடம் வந்து சேரும்.

ஆனால் கைத்தொலைபேசி வரைபடத்தில் எங்கள் லயம் இருக்கிறது. லயமாக அல்ல. எங்கள் லயத்துக்குப் பின்னால், மலை சரியும் மேட்டில், காட்சிமுனை என்று யாரோ குறித்துவிட்டார்கள். நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள், சூரிய உதயத்துக்கு நல்ல இடம் என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல இடம்தான், தெளிந்த நாளில் தெற்கே கடல் வரைக்கும் தெரியும். அங்கேதான் நாங்கள் துணி காயப்போடுகிறோம். அதற்குக் கீழே மறைப்புக் கட்டிய இடத்தில்தான் பெண்பிள்ளைகள் குளிக்கிறார்கள். விடிய ஐந்தரைக்குத் தலைக்கு மேலே டிரோன் பறந்தால், தண்ணீர் வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடவேண்டியிருக்கிறது. 15 வயதுப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், நான் இனி இருட்டோட குளிச்சிட்டு வந்திர்றேன்" என்று சொன்னாள். பாதை போடுகிறவர்கள் ஒரே ஒரு நாள் அந்த லயத்தில் வந்து உட்கார்ந்து, அம்மா, எந்தப் பக்கமாகப் போகட்டும் என்று கேட்டிருந்தால், பத்தடி தள்ளி நல்ல ஒற்றையடிப் பாதை இருக்கிறதென்று எந்தக் குழந்தையும் காட்டியிருக்கும்.

போட்டோ எடுப்பதைப் பற்றி எங்கள் பெண்களிடமே ஒரே கருத்து இல்லை. ரோட்டோர மலையில் வேலை இருக்கும் நாளில் சிலர் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். நிற்பதற்கு ஐந்நூறு கிடைத்தால் லாபம். 18 கிலோ நிறுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழும் என்ற இடத்தில், ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு வருடக்கணக்காகக் கத்தி 2021இல்தான் அது கிடைத்த இடத்தில், அந்த ஐந்நூறைக் கேவலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேறு சிலருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. "கேட்டுட்டு புடிக்கட்டும் டீச்சர். நானும் அவங்க வீட்டு ஜன்னலுக்குள்ள கேமராவ நீட்டுனா சும்மா இருப்பாங்களா?" என்றாள் என்னோடு படித்த ஒருத்தி. இன்னொரு விசயம். வருகிறவர்கள் பிரம்புக் கூடையும் பொட்டும் மூக்குத்தியும் தேடுகிறார்கள். இப்போது எங்கள் பெண்கள் உர பேக்கில் தைத்த பையைத் தலையில் மாட்டுகிறார்கள், இடுப்பில் படங்கு, காலில் அட்டை கடிக்காமல் இருக்கச் சவர்க்காரம் பூசி மேசு (காலுறை), மகனின் பழைய டீசேட்டும் தொப்பியும். கையுறை இல்லாத விரலில் கொழுந்துக்கறை ஏறி, வெடிப்புக்குள் கறுப்பாகக் கோடு ஓடும். அம்மா வேலையை விட்டு 12 வருடமாகிறது, அந்தக் கோடு இன்னும் போகவில்லை. படமெடுக்கிறவர்கள் அந்த விரலையும் எடுக்கட்டும். கேட்டு எடுக்கட்டும், பெயரைக் கேட்டு எழுதட்டும்.

பிள்ளைகள் விசயத்தில் மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன். பாதையில் நிற்கும் பிள்ளையின் கையில் பேனையும் டொபியும் காசும் கொடுக்காதீர்கள், கொடுக்கவும் விடாதீர்கள். றம்பொடை வளைவுகளில் பூங்கொத்தோடு ஓடி, வேன் ஒவ்வொரு வளைவும் சுற்றி இறங்குவதற்குள் குறுக்குப் பாதையால் முந்தி வந்து நிற்கும் பையன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். என் வகுப்பில் ஒரு பையன், எட்டாம் ஆண்டு, கணக்கில் கெட்டிக்காரன். சீசன் மாதங்களில் வெள்ளிக்கிழமைகளில் அவன் பெயருக்கு நேரே இடாப்பில் சிவப்புதான். கேட்டால், "வெள்ளிக்குத்தான் டீச்சர் ஆள் கூட" என்றான். வீட்டில் அம்மா வெளிநாட்டில், தாத்தாவுக்கு மருந்துச் செலவு. அவனை அடித்துத் திருத்த முடியாது. மலையேற வருகிறவர்கள் கொடுப்பதை நிறுத்தினால்தான் அவன் வகுப்புக்கு வருவான்.

ரயிலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றை மட்டும் சொல்லுகிறேன்: மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போகும் நோயாளிக்கு ஓர் ஆசனம் ஒதுக்கப்படவேண்டும், அந்த ஆசனம் அழகான பாதைக்கு முன்பதிவு செய்தவருக்குப் போய்விடக்கூடாது.

புதிதாகக் குடிவந்தவர்களைப் பற்றியும் நேராகவே பேசுகிறேன். எங்கள் லயத்துக்கு மேலே, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் ஆறு அறையில் ஒரு விடுதி வைத்திருக்கிறார். வந்த முதல் வருடம், எங்கள் பீலிக்குத் தண்ணீர் வரும் ஊற்றுக்கு மேலே குழாய் போட்டுத் தாங்கியில் நிரப்பினார்கள். மாசி, பங்குனியில் பீலி நூலாக விழுந்தது. ஒரு வாளி நிறைய இருபது நிமிடம். காலை மூன்றரைக்கே வரிசை. பெண்கள் பத்துப் பேர் வாளியோடு மேலே போனார்கள், சண்டைக்குத்தான் போனார்கள். அந்த மனிதர் கீழே இறங்கி வந்து பீலியடியில் நின்று பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. ஊற்று யாருக்குப் போகிறதென்று அவருக்குக் காணி காட்டியவர்களும் சொல்லவில்லை, கட்டட அனுமதி கொடுத்தவர்களும் கேட்கவில்லை. அடுத்த கிழமை குழாயை மாற்றி மழைநீர்த் தாங்கி கட்டினார். இப்போது கோயில் திருவிழாவுக்குச் சாமி சுற்றும்போது அவர் வீட்டு வாசலிலும் தட்டு வாங்குகிறோம். வந்தவர் எப்படி ஊர்க்காரர் ஆகிறார் என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த வழி அதுதான்.

எல்லோரும் அப்படி இறங்கி வருவதில்லை. அதனால்தான் தண்ணீரையும் மண்ணையும் ஆட்களின் நல்ல மனதுக்கு விட்டுவிடக்கூடாது என்கிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மலை இறங்கியது எங்களிடமிருந்து அதிக தூரத்தில் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல வருடம் முன்பே சொல்லியிருந்தார்கள். போவதற்குத்தான் இடம் கொடுக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது மலையகம் முழுக்கப் பிளந்தது, ரயில் பாதை அறுந்தது. அந்த இரண்டு ராத்திரியும் எங்கள் பாடசாலையைத் திறந்து வைத்திருந்தோம். 43 குடும்பம், அவர்களோடு வழி தெரியாமல் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுக்காரர் ஆறு பேர். அவர்கள் எங்கள் பிள்ளைகளைப் போலவே பாயில் படுத்தார்கள், மா பிசைந்தார்கள், மழை விட்டதும் குனிந்து நிமிர்ந்து மண் அள்ளினார்கள். மேலே விடுதி வைத்திருப்பவர் தன் சமையலறையிலிருந்த அரிசி முழுவதையும் இறக்கினார். அவர்களில் யாரையும் எங்களுக்கு மறக்காது. ஆனால் பாதை திறந்ததும் அவர்களுக்குப் போக இடம் இருந்தது. எங்களுக்கு அந்த வெடித்த சுவர்தான்.

சரிவுகளில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்ற விதி இருக்கிறது. இருந்தும் மேலே மலையை வெட்டி மட்டமாக்கும் யந்திரச் சத்தம் கேட்கிறது. வெட்டிய மண் யார் தலைக்கு மேலே நிற்கிறது என்பதை அறிக்கை பார்க்கிறவர்கள் கீழே இறங்கி வந்து பார்க்கவேண்டும். கட்டடம் நிற்குமா என்பதோடு, கட்டடத்துக்குக் கீழே யார் படுத்திருக்கிறார்கள் என்பதையும் எழுதவேண்டும்.

உங்களிடம் கேட்பது இதுதான். காணி உறுதி வரும் வரைக்கும் எங்கள் பிள்ளைகளைக் காக்கவைக்காதீர்கள். லயத்திலும் தோட்டத்து வீட்டிலும் மூன்று தலைமுறை இருந்ததற்கு வாக்காளர் இடாப்பும் கிராம சேவகரின் கடிதமும் போதும். அதை வைத்துத் தங்கல் வீடாகப் பதிவு செய்ய வழி திறவுங்கள், நிர்வாகம் அதற்குத் தடையாக நிற்காதபடி எழுத்தில் கொடுங்கள். உறுதி கொடுக்கவேண்டியது அரசாங்கத்தின் கடமை, அதை நாங்கள் விடப்போவதும் இல்லை. வழிகாட்டிப் பயிற்சியைத் தமிழிலும் நடத்துங்கள், ஹப்புத்தளையிலோ ஹட்டனிலோ நடத்துங்கள், கொழும்புக்குப் போய்த் தங்கிப் படிக்க ஒரு நாட்பேர்க்காரியின் மகனால் முடியாது. அந்தப் பாடத்தில் எங்கள் 200 வருடத்தையும் சேருங்கள், எழுத ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். ஒரு பாதை லயத்தடியால் போகிறதென்றால் அந்த லயத்தாரோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் காட்டும் வழியாகக் கொண்டுபோங்கள். போகிறவர்கள் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த லயத்தின் கக்கூசுக்கும் தண்ணீருக்கும் வரட்டும். பெயர்ப்பலகைகளில் தமிழையும் எழுதுங்கள், பிழையில்லாமல் எழுதுங்கள்.

பேச வருகிறீர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், எல்லோரும் வீட்டில் இருப்போம். ரோட்டிலிருந்து 214 படி, இடையில் இரண்டு இடத்தில் புயலுக்குப் பிறகு படி இல்லை, பிள்ளைகளை அனுப்பி கைபிடித்து ஏற்றுகிறோம். எத்தனை பேர் என்று முதல்நாளே சொல்லி அனுப்புங்கள். கிளாஸ் இரவல் வாங்கவேண்டும்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி,
ஹப்புத்தளை.